சிங்கப்பூரில் படிக்க வந்த தமிழ் மாணவர் எந்தத் தொண்டூழியத்தில் சேரலாம்?

ஆகஸ்ட் மாதம் வகுப்பு தொடங்கிய கையோடு பல்கலைக்கழக மன்றங்களின் அறிமுக விழா வந்துவிடும். வரிசையாக மேசைகள், மேசைக்கொரு நிறத்தில் சட்டை. கைப்பேசியை நீட்டினால் பெயர் பதிவாகிவிடும். தனியாக வாழும் மூத்தோரைப் பார்க்கப் போவது, வசதி குறைந்த பிள்ளைகளுக்கு டியூஷன், கம்போடியாவில் ஒரு பள்ளிக்குச் சுவர் எழுப்புவது, வெளிநாட்டு ஊழியர்களுக்கு உதவுவது என்று எல்லாமே நல்ல காரியங்கள். திருச்சியிலிருந்தோ கோவையிலிருந்தோ வந்து இறங்கிய புதிதில் நாலைந்தில் பெயர் கொடுத்துவிடத் தோன்றும். அக்டோபரில் குழுப் பணிகளும் தேர்வுகளும் நெருக்கும்போது ஒவ்வொன்றாக விட்டுப்போகும். அந்தப் பக்கம் காத்திருப்பவர் ஒரு சிறுவனாகவோ கையில் காயம்பட்ட ஊழியராகவோ இருந்தால் அது சின்ன விஷயமில்லை.

நானும் தமிழ்நாட்டிலிருந்து வந்து இங்கே படித்தவன்தான். படிப்பு முடிந்து வேலைக்குப் போன பிறகும் தொண்டூழியத்தை விடவில்லை. “அண்ணா, எதுல சேரலாம்?” என்று கேட்கும் தம்பி தங்கைகளுக்கு நான் சொல்வதைத்தான் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைப் பேசிவிடலாம். பலர் தொண்டூழியத்துக்கு வருவதற்கு ஒரு தேவையும் காரணமாக இருக்கும். எஸ்எம்யூ எனும் சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற 80 மணி நேர சமூக சேவை கட்டாயம். என்யூஎஸ் எனும் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் பொதுக்கல்விப் பாடங்களில் சமூக ஈடுபாடும் ஒரு பிரிவாகிவிட்டது. டீச் எஸ்ஜி போன்ற திட்டங்களில் பள்ளிப் பிள்ளைகளோடு வேலை செய்தால் அது பாடமாகவே கணக்கில் வரும். ஹால் எனும் வளாக மாணவர் விடுதியில் தங்குபவர்களுக்கு அடுத்த ஆண்டும் அறை கிடைக்க, நடவடிக்கைகளில் பங்கெடுத்ததற்கான புள்ளிகள் வேண்டும். வெளிநாட்டு மாணவருக்கு அறை போனால் வெளியே வாடகை கொடுத்துக் கட்டுப்படியாகாது. இந்தக் காரணங்களுக்காக வருவதில் தவறே இல்லை. ஆனால் புள்ளிக்கு எது போதும் என்பது ஒரு கேள்வி, எதில் நிலைத்து நிற்க முடியும் என்பது வேறு கேள்வி. இந்தக் கட்டுரை இரண்டாவதைப் பற்றியது.

நான் எல்லாவற்றையும் ஒரே கேள்வியை வைத்துத்தான் அளக்கிறேன்: பாதியில் நான் நின்றுவிட்டால் யாருக்கு நட்டம்?

இந்தக் கேள்விக்கு “யாருக்கும் பெரிதாக இல்லை” என்று பதில் சொல்லக்கூடியது சமையற்கூடம். ஜாலான் ஊபியில் இருக்கும் வில்லிங் ஹார்ட்ஸ் தினமும் ஆயிரக்கணக்கான உணவுப் பொட்டலங்களைத் தயாரித்துத் தீவு முழுவதும் அனுப்புகிறது. விடியுமுன்பே வேலை தொடங்கிவிடும். காய் நறுக்க, பொட்டலம் கட்ட, பாத்திரம் கழுவ எப்போதும் ஆள் வேண்டும். போன வாரம் வந்தவர் இந்த வாரம் வராவிட்டாலும் அந்த இடத்தில் இன்னொருவர் நிற்பார். சிராங்கூன் ரோட்டுக் கோயில்களின் அன்னதானம், சீக்கியக் கோயில்களின் பொதுச் சமையல், தைப்பூசத்தன்று சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயில் வரை காவடி எடுத்து நடப்பவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பது எல்லாம் இந்த வகைதான். முதல் பருவத்தில், இந்த ஊரே புரிபடாத நிலையில், இதில் தொடங்குவது நல்லது. வாரம் ஒருமுறை எழுந்து போக உங்களால் முடிகிறதா என்று யாரையும் ஏமாற்றாமல் உங்களையே சோதித்துப் பார்த்துக்கொள்ளலாம். கூடவே, ஊரை விட்டு வந்த ஏக்கத்துக்கு நாலு பேரோடு வெங்காயம் உரிப்பது நல்ல மருந்து.

வெளிநாட்டுப் பயணத் திட்டங்களை நான் கடைசியில் வைப்பேன். டிசம்பரிலோ மே மாதத்திலோ இரண்டு வாரம் போல கம்போடியா, லாவோஸ், நேப்பாளம் போன்ற இடங்களுக்குப் போய் வகுப்பறைக்கு வண்ணம் அடிப்பது, பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லித் தருவது, தண்ணீர்த் தொட்டி கட்டுவது என்று நடக்கும். போய்வருபவருக்கு அது பெரிய அனுபவம், நல்ல நண்பர்களும் கிடைப்பார்கள். ஆனால் செலவில் ஒரு பகுதி நம் கையிலிருந்து போகும். இந்தியக் கடப்பிதழ் வைத்திருப்பவர் சிங்கப்பூர் நண்பர்களைப்போல விசா இல்லாமல் எல்லா ஊருக்கும் போய்விட முடியாது. அதைவிட முக்கியம், நாம் கிளம்பி வந்த மாவட்டத்திலேயே அப்படிப்பட்ட பள்ளிகள் இருக்கின்றன; அங்கே மொழியும் தெரியும், ஆளும் தெரியும். விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது அந்த இரண்டு வாரத்தை நம் ஊர்ப் பள்ளியில் செலவழித்தால் பலன் கூடுதல் என்பது என் எண்ணம்.

அடுத்து டியூஷன். நம் பிள்ளைகள் பெரும்பாலோர் முதலில் கை தூக்குவது இதற்குத்தான். படிப்பில் கெட்டிக்காரர்கள், கணக்கு நன்றாக வரும், தமிழும் தெரியும். 1991இல் தொடங்கிய சிண்டா எனும் சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கமும் சமூக மன்றங்களும் பல்கலைக்கழகத் தொண்டூழிய மன்றங்களும் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தரவும் சேர்ந்து உட்கார்ந்து வாசிக்கவும் திட்டங்கள் வைத்திருக்கின்றன. இங்கே வேலை பார்க்கும் இந்தியர்களின் சம்பளத்திலிருந்து மாதாமாதம் சிண்டா நிதிக்கு ஒரு சிறு தொகை போகிறது. நாளை நீங்கள் எம்ப்ளாய்மென்ட் பாஸ் எனும் வேலை அனுமதியில் வேலைக்குச் சேர்ந்தால் உங்கள் சம்பளத்திலிருந்தும் போகும்.

ஆனால் நன்றாகப் படித்தவர் என்பதாலேயே நன்றாகச் சொல்லித் தந்துவிட முடியாது. தொடக்கநிலை ஐந்தில், அதாவது ஐந்தாம் வகுப்பில், இப்படி ஒரு கணக்கு வரும்: மீனாவிடம் ஜானைவிட 24 ஒட்டுவில்லைகள் அதிகம், இருவரிடமும் சேர்த்து 96, ஜானிடம் எத்தனை? நமக்குக் கை தானாக எக்ஸ் போட்டுவிடும். அந்தப் பிள்ளை எக்ஸைப் பார்த்ததே இல்லை. அதன் பள்ளியில் இரண்டு பட்டைகள் வரைவார்கள். ஜானுக்கு ஒன்று, மீனாவுக்கு அதைவிட நீளமாக ஒன்று. மீனாவின் பட்டையில் நீட்டிக்கொண்டிருக்கும் 24ஐ வெட்டி எடுத்துவிட்டால் மீதி 72, இரண்டு சமமான பட்டைகள், ஒன்று 36. அழகான முறை. இதைத் தெரிந்துகொள்ளாமல் நம் வழியில் சொல்லிக்கொடுத்தால், பள்ளியில் ஒன்று, டியூஷனில் ஒன்று என்று பிள்ளை இரண்டுக்கும் நடுவில் திண்டாடும். பிஎஸ்எல்இ எனும் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வில் 2021 முதல் ஒவ்வொரு பாடத்துக்கும் 1 முதல் 8 வரை அடைவு நிலை தருகிறார்கள். நான்கு பாடமும் சேர்த்து மொத்தம் 4 வந்தால் மிகச் சிறப்பு. எண்ணிக்கை குறைந்தால்தான் நல்லது என்பதே முதலில் நமக்குக் குழப்பமாக இருக்கும். பிள்ளையின் அம்மா “மொத்தம் 24 வந்திருக்கு தம்பி” என்று சொல்லும்போது அதன் பொருள் புரிய வேண்டும் அல்லவா? அதனால் டியூஷனில் சேருமுன் அந்த வகுப்புக் கணக்குப் புத்தகத்தை வாங்கி ஒரு வார இறுதி முழுக்க உட்கார்ந்து பாருங்கள்.

நாள்காட்டியையும் பார்க்க வேண்டும். பள்ளி ஆண்டு ஜனவரியில் தொடங்கும். நம் கல்வியாண்டு ஆகஸ்டில். ஆகஸ்டில் புதிதாகச் சேருபவர், பிஎஸ்எல்இ எழுத்துத் தேர்வுக்கு ஏழெட்டு வாரம் இருக்கும்போது ஆறாம் வகுப்புப் பிள்ளையின் முன் போய் உட்காருவார். இரண்டு பேருக்கும் பயனில்லை. ஜனவரியில் சேருவதுதான் பொருத்தம். அப்போதும் ஒரு சிக்கல் இருக்கிறது. மே மாதம் நம் தேர்வு முடிந்ததும் ஊருக்கு டிக்கெட் போட்டுவிடுவோம். பள்ளிப் பிள்ளைக்கு ஜூனில் விடுமுறை, ஆனால் ஜூலை முழுக்கப் பள்ளி உண்டு. ஆகஸ்ட் வரை நாம் ஊரில் இருந்தால், அந்தப் பிள்ளைக்கு மிகவும் தேவையான மாதத்தில் ஆள் இல்லை. டியூஷனில் சேருபவர் ஜூலைத் தொடக்கத்திலேயே திரும்பிவிட வேண்டும், இல்லாவிட்டால் காணொளி வழியாகவாவது வகுப்பைத் தொடர வேண்டும். இதற்கு மனம் இடம் கொடுக்காவிட்டால் டியூஷன் வேண்டாம். வீட்டில் ஏற்கனவே பலர் வந்து வந்து போவதைப் பார்த்த பிள்ளைகள் சிலர் இருக்கிறார்கள். நம் பெயரும் அந்தப் பட்டியலில் சேர வேண்டாம்.

மூத்தோர் பக்கம் வந்தால் நாள்காட்டித் தொல்லை குறைவு, மொழித் தொல்லை அதிகம். இங்கே ஐந்து பேரில் ஒருவர் 65 வயதைத் தாண்டியவர் என்ற நிலையை நாடு நெருங்கிவிட்டது. வீவக எனும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் வாடகை வீடுகளில் தனியாக இருக்கும் பெரியவர்களைப் பார்த்துப் பேசிவிட்டு வர ஆள் தேவை. ஆனால் அவர்களில் பலர் பேசுவது ஹொக்கியன், தியோச்சியூ, கான்டனீஸ், மலாய். சீன நண்பர் ஒருவரோடு சேர்ந்து போகலாம், புன்னகையும் கைப்பிடியும் ஓரளவு வேலை செய்யும், அவ்வளவுதான். தமிழ் பேசும் மூத்தோரிடம் போனால் கதையே வேறு. சிலருக்குக் கண் மங்கியிருக்கும்; தமிழ் முரசை வாசித்துக் காட்டினாலே போதும், இடையிடையே துறைமுகத்தில் வேலை பார்த்த காலம், பழைய கம்பத்துக் (கிராமத்து) குடியிருப்பு என்று பேச்சு வளரும். 1948இல் தொடங்கிய ஸ்ரீ நாராயண மிஷனின் யீஷூன் தாதிமை இல்லத்திலும், அக்கம்பக்கத்துத் துடிப்பாக மூப்படையும் நிலையங்களிலும் தமிழ் பேசும் தொண்டூழியர் தேவையா என்று நேரடியாகக் கேளுங்கள். ஊருக்குப் போயிருக்கும் மாதங்களில் வாரம் ஒரு தடவை கூப்பிட்டு “சாப்பிட்டீங்களா தாத்தா?” என்று கேட்டாலும் அந்த உறவு தொடரும். கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்கும் நான் பரிந்துரைப்பது இதைத்தான்.

இனி வெளிநாட்டு ஊழியர்கள். இதைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகவே எழுதுவேன், ஏனென்றால் நாம் இல்லாவிட்டால் எளிதில் நிரப்ப முடியாத இடம் இது. புதுக்கோட்டை, சிவகங்கை, இராமநாதபுரம், கடலூர்ப் பக்கத்திலிருந்து வந்து கட்டுமானத்திலும் கப்பல் பட்டறையிலும் உழைப்பவர்கள் நம் ஊர்க்காரர்கள். 2020இல் கொவிட் பரவி விடுதிகள் பூட்டப்பட்டபோதுதான் பலருக்கு இவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்பதே தெரிந்தது. இவர்களுக்காக வேலை செய்யும் அமைப்புகளில் சாப்பாடு பரிமாற யாரும் வரலாம். ஆனால் ஊழியர் தமிழில் சொல்வதை முழுதாகக் கேட்டு, நாள் வாரியாக ஆங்கிலத்தில் எழுதித் தர ஆள் வேண்டும். அந்த ஆள் நீங்கள்.

டிரான்சியன்ட் வொர்க்கர்ஸ் கவுன்ட் டூ என்ற அமைப்பு 2008 முதல் லிட்டில் இந்தியாவில் கஃப் ரோடு திட்டத்தை நடத்துகிறது. காயம்பட்டோ, சம்பளப் புகார் கொடுத்தோ, வழக்கு முடியும்வரை தங்க அனுமதிக்கும் சிறப்பு அனுமதி அட்டையில் இருக்கும் ஊழியர் பொதுவாக வேலைக்குப் போக முடியாது. வழக்கு முடியும்வரை சாப்பாட்டுக்கே வழியில்லாமல் போகும். அவர்களுக்கு இலவசச் சாப்பாடு போடுவதுதான் அந்தத் திட்டம். சாப்பிட வருபவர் தன் பிரச்சினையையும் அங்கேயே சொல்லலாம். 2006இல் தொடங்கிய ஹெல்த்சர்வ் குறைந்த செலவில் மருத்துவம் பார்க்கிறது; மருத்துவருக்கும் ஊழியருக்கும் நடுவில் பேச ஆள் வேண்டும். வீட்டுப் பணிப்பெண்களுக்குக் கைகொடுக்கும் ஹோம் என்ற அமைப்பு 2004இல் தொடங்கியது. தமிழ்நாட்டுப் பெண்களும் வீட்டு வேலைக்கு வருகிறார்கள். பெண்ணிடம்தான் பெண் மனம் விட்டுப் பேசுவாள் என்பதால் தங்கைகள் இதை யோசிக்கலாம்.

இங்கே என்ன மாதிரி வேலை இருக்கும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. ஓர் ஊழியர் பிளாஸ்டிக் உறைக்குள் நாலாக மடித்து வைத்திருக்கும் சம்பளச் சீட்டை எடுத்து நீட்டுவார். “ஓட்டி காசு கொறையுற மாதிரி இருக்கு தம்பி, கேக்கத் தெரியல.” ஓட்டி என்றால் ஓவர்டைம், கூடுதல் நேர வேலை. சீட்டு ஆங்கிலத்தில் இருக்கும். அடிப்படைச் சம்பளம் மாதம் 520 வெள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். வாரம் 44 மணி நேர வேலை. ஒரு மணி நேரச் சம்பளம் கண்டுபிடிக்க 520ஐ 12ஆல் பெருக்கி, 52 வாரம், 44 மணி என்பதால் வரும் 2,288ஆல் வகுக்க வேண்டும். 2 வெள்ளி 73 காசு வரும். கூடுதல் நேரத்துக்கு அதில் ஒன்றரை மடங்கு, 4 வெள்ளி 9 காசு. 60 மணி நேரம் கூடுதலாக உழைத்திருந்தால் 245 வெள்ளிக்கு மேல் வந்திருக்க வேண்டும். சீட்டில் 180 என்று இருந்தால் மணிக்கு 3 வெள்ளிதான் கொடுத்திருக்கிறார்கள். மாதம் 65 வெள்ளி குறைகிறது. அந்தப் பணம் ஊரில் ஒரு பிள்ளையின் பள்ளிக் கட்டணம்.

பொறியியல் படிக்கும் மாணவருக்கு இது ஐந்து நிமிடக் கணக்கு. அந்த ஊழியருக்கோ அதுவரை யாரும் உட்கார்ந்து சொல்லித்தராத கணக்கு. 2016 ஏப்ரலிலிருந்து விவரமான சம்பளச் சீட்டு கொடுப்பது முதலாளியின் கடமை. வேலைக்கு வருமுன் கிடைத்த ஐபிஏ எனும் முதற்கட்ட ஒப்புதல் கடிதத்தில் அடிப்படைச் சம்பளமும் படிகளும் எழுதியிருக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே பாதி விஷயம் விளங்கிவிடும். வேலையை விட்டு நின்றவர் 6 மாதத்துக்குள் சம்பளப் புகார் கொடுத்துவிட வேண்டும் என்ற கெடுவும் இருக்கிறது; தயங்கித் தயங்கி அதைத் தவறவிட்டால் பிறகு வழி குறுகிவிடும். வேலையிடத்தில் அடிபட்டவருக்கு மருத்துவ விடுப்புக்காலச் சம்பளம் உண்டு என்பதும் பலருக்குத் தெரிவதில்லை.

ஆனால் நாம் வழக்கறிஞர் இல்லை. “கண்டிப்பா கிடைச்சிடும் அண்ணே” என்று வாக்குக் கொடுக்கக் கூடாது. கேட்பது, எழுதுவது, கணக்குப் போடுவது, அனுபவமுள்ள அமைப்பு ஊழியரிடம் ஒப்படைப்பது, இவ்வளவுதான் நம் வேலை. ஒருவர் கடன் வாங்கி வந்த கதையைக் கேட்டுவிட்டு இரவு ஹாலுக்குத் திரும்பினால் தூக்கம் வராத நாளும் இருக்கும். அதைப் பொறுப்பாளரிடம் சொல்லிவிடுங்கள், உள்ளேயே வைத்துக்கொள்ள வேண்டாம். பாதியில் நின்றால் நட்டம் யாருக்கு என்ற கேள்விக்கு இங்கே பதில் நடுத்தரம். ஒருவருடைய புகாரை நீங்கள் எழுதத் தொடங்கினால் அது முடியும்வரை இருக்க வேண்டும், ஆனால் கோப்பு ஒழுங்காக இருந்தால் விடுமுறைக் காலத்தில் இன்னொருவர் அதை எடுத்துக்கொள்ளலாம். டியூஷன் பிள்ளை மாதிரி நம் முகத்தையே எதிர்பார்த்திருக்கும் நிலை இல்லை. அந்த வகையிலும் இது நம் நாள்காட்டிக்கு ஒத்துப்போகிறது.

மாணவர் அனுமதி அட்டையில் இருப்பவர்கள் சில எல்லைகளைத் தெரிந்துகொள்ள வேண்டும். முழுநேர மாணவர் பாடக் காலத்தில் வாரம் 16 மணி நேரம் வரைதான் சம்பளத்துக்கு வேலை செய்யலாம். சம்பளமில்லாத தொண்டூழியம் என்று சொல்லிவிட்டு நடுவில் யாராவது கைச்செலவுக்குப் பணம் தர முன்வந்தால், வாங்குமுன் பல்கலைக்கழக மாணவர் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். ஹாங் லிம் பூங்காவில் நடக்கும் பொதுக்கூட்டங்களில் பங்கெடுக்கக் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டுமே அனுமதி. ஊழியர்களுக்காகவே நடந்தாலும் நாம் போகக் கூடாது. அப்புறம், பிள்ளைகள், ஊழியர்கள், மூத்தோர் யாருடைய முகத்தையும் படமெடுத்து இணையத்தில் போடாதீர்கள்.

தூரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். எஸ்எம்யூவிலிருந்து லிட்டில் இந்தியாவில் இருக்கும் தேக்காவுக்கு நடந்தே போய்விடலாம். என்யூஎஸ் இருக்கும் கென்ட் ரிட்ஜிலிருந்து வட்டப்பாதை ரயிலில் ஏறி பொட்டானிக் கார்டன்ஸில் மாறினால் லிட்டில் இந்தியா வந்துவிடும். என்டியூ எனும் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்காரர்கள் 179 பேருந்தைப் பிடித்து, பயனியரில் ரயிலேறி, ஒரு மணி நேரத்துக்கு மேல் பயணம் செய்ய வேண்டும். திரும்பும்போது இன்னொரு மணி நேரம். வாரம் ஒரு மாலை என்றாலும் பத்தாம் வாரத்தில் அது கனக்கும். ஜூரோங், துவாஸ் பக்கம் விடுதிகளும் ஊழியர் பொழுதுபோக்கு மையங்களும் இருக்கின்றன, அங்கே நடக்கும் ஆங்கில வகுப்பு, மருத்துவ முகாம் போன்றவற்றைத் தேடிப் பாருங்கள்.

ஆக, என்னிடம் கேட்டால் முதல் பருவத்தில் சமையற்கூடம் அல்லது கோயில் அன்னதானம், ஜனவரியிலிருந்து ஒரே ஒரு நிலையான இடம். தமிழ் எழுதப் படிக்க நன்றாக வரும், கேட்பதில் பொறுமை உண்டு என்றால் ஊழியர்கள் பக்கம் போங்கள். ஜூலையில் திரும்பிவரத் தயார், பிள்ளைகளோடு இருப்பது பிடிக்கும் என்றால் டியூஷன். அதிகம் பேசவராது, ஆனால் தவறாமல் போவேன் என்பவர்களுக்கு மூத்தோர். கல்வி மானியம் பெறும் வெளிநாட்டு மாணவர்கள் படிப்புக்குப் பின் 3 ஆண்டு இங்கே வேலை செய்யக் கடமைப்பட்டவர்கள் என்பதால், நான்காண்டுப் படிப்போடு சேர்த்து ஏழாண்டு இந்த ஊரில் இருக்கப் போகிறீர்கள். ஓரிடத்தில் வேர்விட அது தாராளமான காலம்.

சேரும் நாளிலேயே பொறுப்பாளரிடம் மூன்று தேதிகளைச் சொல்லிவிடுங்கள்: நவம்பர் தேர்வு வாரங்கள், மே மாதம் ஊருக்குப் போகும் நாள், திரும்பி வரும் நாள். மூன்றாம் ஆண்டில் வேலைப் பயிற்சியோ வெளிநாட்டுப் பல்கலைக்கழகப் பரிமாற்றமோ வரும் என்று தெரிந்தால் அதற்கு முந்தைய பருவத்திலேயே ஒரு புது மாணவரை உடன் அழைத்துப் போங்கள். இரண்டு மூன்று வாரம் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும். அந்தத் தாத்தாவுக்கோ அண்ணனுக்கோ அவரை நீங்களே அறிமுகம் செய்துவிட்டு, உங்கள் குறிப்பேட்டையும் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.